நாணயம் மாற்றுவார் யார்?

நாணயம் என்னும் சொல்லைத் தமிழ் மக்கள் இரண்டு பொருளில் வழங்கி வருகின்றனர். கையிற் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் குணமும் நாணயம். "அவர் நாணயமானவர்" என்று ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால், கடைவீதியில் அதற்குமேல் ஒரு சான்று கேட்பாரில்லை. இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் எவ்வாறு வந்து பொருந்தின என்று மொழியாராய்ச்சி செய்வது நமது நோக்கமன்று. காசாகிய நாணயம் நாட்டெல்லையைத் தாண்டியவுடன் கடையிற் செல்லாமற் போவதுபோலக் குணமாகிய நாணயமும் செல்லாமற் போய்விடுகின்றதே, இஃது எவ்விதத்தில் நியாயம் என்பதே நாம் எடுத்துக்கொண்ட கேள்வி. வாடகைக்கு வீடு பிடிக்கும் அன்றாட விஷயத்திலிருந்து இக்கேள்வி எழுகின்றது. விஷயம் அன்றாடமானதே எனினும், பெண்டு பிள்ளைகளோடு ஒருவன் இரவு எங்கே தலைசாய்ப்பது என்பது அதில் அடங்கியிருத்தலின் அதனை அற்பமென்று தள்ளுவதற்கில்லை.

சிங்கப்பூரில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்துவிட்டுக் குடும்பத்துடன் மலேசியாவுக்குத் திரும்பும் தமிழர் ஒருவரை மனத்திற் கொள்வோம். கிள்ளானிலோ ஈப்போவிலோ அவர் ஒரு வீடு பார்க்கின்றார். மாத வாடகை 1,500 ரிங்கிட். வீட்டுத் தரகர் வழக்கமான கணக்கைச் சொல்லுகின்றார்: இரண்டு மாத வாடகை முன்பணம் 3,000, தண்ணீருக்கும் மின்சாரத்துக்குமாக அரை மாத வாடகை 750, முதல் மாத வாடகை 1,500, ஆக மொத்தம் 5,250 ரிங்கிட். இதுவரையில் தகராறில்லை, பணம் கையில் இருக்கின்றது. அடுத்து, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும், ஊழியர் சேமநிதிக் கணக்கும், கடன் அறிக்கையும் வேண்டுமென்கிறார் தரகர். சம்பளச் சீட்டு சிங்கப்பூர் முதலாளி கொடுத்தது. அந்த வேலையை விட்டாயிற்று. சேமநிதிக் கணக்கில் பன்னிரண்டு ஆண்டுகளாக எந்த முதலாளியும் கட்டிய பணமில்லை. கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருக்கின்றன. அவற்றின்கீழ் ஒன்றுமே இல்லை.

"யோசித்துச் சொல்லுகிறோம்" என்கிறார் தரகர். அந்த யோசனை எவ்வாறு முடியுமென்பது வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்.

இம்மனிதர் பன்னிரண்டு ஆண்டுகளும் சிங்கப்பூரில் மாதந் தவறாமல் வாடகை கொடுத்தவர். தொலைபேசிக் கட்டணத்தில் ஒரு வெள்ளி பாக்கி வைத்தவரல்லர். ஆனால் இந்தச் செய்தி ஜொகூர் கடற்பாலத்தைக் கடப்பதில்லை. நம் நாட்டில் பேங்க் நெகாரா 2001 முதல் நடத்திவரும் சி.சி.ஆர்.ஐ.எஸ். என்னும் ஏடு இங்குள்ள வங்கிகளிலும் நிதி நிலையங்களிலும் ஒருவர் பெற்ற கடனையும், கடைசிப் பன்னிரண்டு மாதங்களில் அவர் தவணை கட்டிய விதத்தையும் காட்டுவது. 1990-இல் தொடங்கிய சி.டி.ஓ.எஸ். என்னும் தனியார் நிறுவனம் 300 முதல் 850 வரை மனிதருக்கு எண் கொடுக்கின்றது. சிங்கப்பூரில் 2002-இல் ஏற்பட்ட கடன் தகவல் நிலையமோ 1,000 முதல் 2,000 வரை எண் கொடுக்கின்றது. இந்தக் கரையிலுள்ள தராசு அந்தக் கரையிலுள்ள எடைக்கல்லை அறியாது. இடையிலுள்ள பாலத்தின் நீளமோ ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

ஆகவே, தாளில் ஒன்றும் எழுதப்படவில்லை. எழுதப்படாததை எவ்வாறு படிப்பது? இதிலேதான் பெரும் பிழை நேர்கின்றது என்று நாம் கருதுகிறோம். தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைப்போருக்கு இஃது எளிதில் விளங்கும். செக்ரோல் புத்தகத்தில் ஒவ்வோர் ஆளின் பெயருக்கு நேராக நாளொன்றுக்கு ஒரு கட்டம் உண்டு. பெரட்டுக்கு வந்தவனுக்கு ஒரு குறி. வராதவனுக்கு ஒரு குறி. மருத்துவ விடுப்பில் இருப்பவனுக்கு மற்றொரு குறி. ஆனால் மாதம் பதினைந்தாந் தேதி வேலையிற் சேர்ந்தவனுடைய முதற் பதினான்கு கட்டங்களும் வெறுமையாகவே இருக்கும். அந்த வெற்றுக் கட்டங்களைப் பதினான்கு நாள் வேலைக்கு வரவில்லை என்று எந்தக் கிராணியாவது கூட்டுவானா? கூட்டினால் தொழிலாளர் சங்கத்தார் சும்மா இருப்பார்களா? அந்நாட்களில் அவன் வேறு தோட்டத்தில், வேறு செக்ரோலில், முழு நாள் சம்பளம் பெற்றவனாய் இருக்கலாம். வெற்றுக் கட்டம் நமது புத்தகம் எந்த நாளிலிருந்து அவனை அறியும் என்பதைத்தான் சொல்லுகின்றது. அவன் எப்படிப்பட்டவன் என்று அது சொல்லுவதேயில்லை.

வியப்பு யாதெனில், கணக்கு யந்திரமே இவ்வேறுபாட்டை அறிந்திருக்கின்றது. சிங்கப்பூர் நிலையம் போதிய பதிவில்லாதவருக்கு எண்ணே கொடாமல் வேறொரு குறியிட்டு விட்டுவிடுகின்றது. "இவரைப் பற்றி நமக்குத் தெரியாது" என்று யந்திரம் ஒப்புக்கொள்ளுகின்றது. அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்க்கும் மனிதர்தாம், தெரியாது என்ற இடத்தில் ஆகாது என்று படித்துக்கொள்ளுகின்றார்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாடு விட்டு நாடு போகாமல், பிறந்த ஊரிலேயே இருந்து, ஒரு காசு கடன் வாங்காமல் வாழ்ந்தவருடைய தாளும் இதேபோல் வெறுமையாகத்தான் இருக்கும். வாங்கிக் கட்டியவருக்கு நற்பெயர்; வாங்காமலே இருந்தவருக்குப் பெயரே இல்லை. கடன்படாமையைப் பெருமையாகக் கருதி வாழ்ந்த நம் பெற்றோர் இதைக் கேட்டால் என்ன சொல்லுவார்களோ, அறியோம்.

வீட்டுக்காரரைக் கொடியவராக்கிப் பேசுவது எளிது, நியாயமன்று. பெரும்பாலான வீட்டுக்காரர் மாளிகை பல கட்டி வைத்திருக்கும் சீமான்களல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் சேமநிதியைப் போட்டு ஓர் அடுக்குமாடி வீடு வாங்கியிருப்பார். வாடகை வந்தால்தான் அவர் வங்கித் தவணை கட்ட முடியும். குடிவந்தவர் வாடகை நிறுத்திவிட்டு நகரமாட்டேன் என்று இருந்துவிட்டால், பூட்டை மாற்றித் தெருவில் தள்ள அவருக்கு அதிகாரமில்லை. 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம், ஏழாம் பிரிவில், நீதிமன்றத்தின் வழியாகவே வீட்டை மீட்கவேண்டும் என்கிறது. பாக்கி வாடகைக்காகப் பொருள்களைக் கைப்பற்றுவதற்கு 1951-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு, அதற்கும் நீதிமன்றந்தான். வக்கீல் சம்பளமும் மாதக்கணக்கான காத்திருப்பும் வேறு. இச்சட்டங்கள் ஏழைக் குடித்தனக்காரனைக் காப்பதற்காக வந்தவை, அவற்றைக் குறைகூறோம். ஆயினும் அவை இருப்பதால் வீட்டுக்காரர் கதவைத் திறப்பதற்கு முன்னே நூறு முறை யோசிக்கின்றார் என்பதையும் மறைக்கலாகாது. அவருடைய அச்சம் பொய்யன்று.

அச்சம் உண்மையாயிருக்க, அதன் விலையை யார் கொடுப்பது?

கியோர்க் சிம்மல் என்னும் ஜெர்மானிய அறிஞர், 1908-இல் வெளிவந்த தமது சமூகவியல் நூலில், நம்பிக்கை என்பது அறிவுக்கும் அறியாமைக்கும் நடுவில் நிற்பதென்று விளக்கினார். முழுவதும் அறிந்தவனுக்கு நம்பவேண்டிய தேவையில்லை. ஒன்றுமே அறியாதவன் நம்புவதற்கு ஆதாரமில்லை. அவரே யூதக் குடியிற் பிறந்த காரணத்தால் தம் நாட்டாரால் ஐயக்கண் கொண்டு பார்க்கப்பட்டவர். பேரும் புகழும் பெற்ற பின்னும் 1914 வரையில் முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. நம் வள்ளுவரும் பொருட்பாலில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாமல் நம்புதலையும் அவர் ஒப்பவில்லை. ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலையும் ஒப்பவில்லை. அந்த அதிகாரம் அரசன் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியது. நாம் அதைக் குடித்தனத்துக்குப் பொருத்திப் பார்க்கிறோம். ஆராய்க என்று சொன்னால், ஆராயும் வேலை யாருடையது? நம்ப வேண்டியவனுடையதன்றோ? அறியாமை வீட்டுக்காரருடையது. வந்து நிற்பவனுக்குத் தன்னைப் பற்றி அறியாமை ஒன்றுமில்லை. தான் எப்படிப்பட்டவன் என்று அவன் நன்றாக அறிவான்.

"வீடு வேண்டியவன் அவன், ஆகவே மெய்ப்பிக்க வேண்டியவனும் அவனே" என்று சிலர் வாதிப்பர். இதிலும் ஒரு பங்கு நியாயம் உண்டு. கேட்பவன் தாளைக் கொண்டுவரட்டும், அலையட்டும். ஆனால் சோதனை என்று ஒன்று வைத்தால் நாணயமானவன் அதில் தேறக்கூடியதாகவும், நாணயமற்றவன் தேறமுடியாததாகவும் அஃது இருத்தல் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவனிடம் உள்நாட்டுக் கடன் அறிக்கையைக் கேட்பது அத்தகைய சோதனையாகுமா? பன்னிரண்டு ஆண்டு ஒழுங்காக வாடகை கொடுத்தவனும் அதில் தோற்கிறான். பன்னிரண்டு வீட்டில் வாடகை கொடாமல் ஓடி வந்தவனும் அதில் தோற்கிறான். பொன்னையும் பித்தளையையும் ஒரே நிறமாகக் காட்டும் கல்லை எந்தப் பத்தராவது உரைகல் என்று வைத்துக்கொள்வாரா? அப்படிப்பட்ட கேள்வியைக் கேட்டு வாசலை அடைப்பவர், ஆராய்ந்ததாக நினைத்துக்கொள்ளுகிறாரே தவிர ஆராயவில்லை.

காசின் கதையை இங்கே சற்று நினைத்துப் பார்க்கலாம். 1924-ஆம் ஆண்டில் ஜொகூர் கடற்பாலம் முறையாகத் திறந்துவைக்கப்பட்ட காலத்திலும், அதற்குப் பின் நெடுங்காலமும், பாலத்தின் இருபுறமும் ஒரே காசு செல்லிற்று. 1965-இல் சிங்கப்பூர் தனி நாடான பின்னரும் 1967 வரையில் அவ்வாறே. 1967-இல் தனித்தனி நாணயம் வந்தது; அப்பொழுதும் ஒன்றுக்கு ஒன்று சரி என்று மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது; 1973-இல் அதுவும் நின்றது. அன்றுமுதல் மலேசிய ரிங்கிட்டும் சிங்கப்பூர் வெள்ளியும் வெவ்வேறு விலை. எனினும் யாரும் தவித்துப் போகவில்லை. காரணம், நாணய மாற்றுக் கடை என்று ஒன்று உண்டு. அத்தொழிலில் நம் தமிழ் முஸ்லிம் சகோதரர்கள் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் தலைமுறை தலைமுறையாகப் பெயர் பெற்றவர்கள். இன்று என்ன விலை என்று பலகையில் எழுதியிருக்கும், கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், ஆனால் கிடைக்கும். "உன் காசு எனக்குத் தெரியாது, போ" என்று சொல்லும் நாணய மாற்றுக்காரரை நாம் கண்டதில்லை. அந்நிய நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், தடவிப் பார்ப்பார், அறிந்துகொள்வார். அதற்குத்தான் அவருக்கு இலாபம்.

குணமாகிய நாணயத்துக்கு அத்தகைய கடை நம்மிடையே இல்லை. அமெரிக்கா போன்ற சில நாடுகளில் பிற நாட்டுக் கடன் அறிக்கைகளை அந்நாட்டு வழக்கிற்கு மாற்றித் தரும் நிறுவனங்கள் அண்மைக் காலத்தில் தோன்றியிருக்கின்றன. நல்லதே. ஆனால் ஒரு வீட்டுக்கும் ஒரு குடும்பத்துக்கும் நடுவே நாணயம் மாற்ற அவ்வளவு பெரிய நிறுவனம் வேண்டுமா என்பது வேறு விஷயம்.

நம் முன்னோர் காலத்தில் நம்பிக்கை கடல் கடந்ததுண்டு. மார்க்கெட் ஸ்திரீட்டிலுள்ள கிட்டங்கியில் செட்டியார் ஒருவர் எழுதிக் கொடுத்த உண்டியலுக்குச் செட்டிநாட்டிலும் இரங்கூனிலும் பணம் கிடைத்தது. எந்தக் கடன் நிலையமும் இன்றி ஒருவர் பெயர் வங்காள விரிகுடாவைத் தாண்டிச் சென்றது. இதை எண்ணிப் பெருமைப்படுவோர் உண்டு. நமக்கு அந்தப் பெருமையில் பாதிதான் சம்மதம். அந்தப் பெயர் எதன்மேல் ஏறிச் சென்றது? குலத்தின்மேல், கோயிற் பிரிவின்மேல், பிறந்த ஊரின்மேல் ஏறிச் சென்றது. அதே கப்பலில் கீழ்த்தட்டில் வந்த பள்ளனும் பறையனும் எவ்வளவு நாணயமானவனாயினும் அவன் பெயருக்கு ஏறிச்செல்ல வாகனமில்லை. அவனுக்குக் கிடைத்த ஏடு வேறு வகை. இலங்கைத் தோட்டங்களில் 1921 வரையில் துண்டு என்று ஒரு முறை இருந்தது. கங்காணியும் அவன் ஆட்களும் பட்டிருக்கும் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அச்சீட்டின்றி வேறு தோட்டத்தில் வேலையில்லை. கடனே மனிதனுடைய பயணச் சீட்டாயிற்று! மலேயாவில் 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி கப்பற் செலவை ஏற்றுக்கொண்டதாலும், 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்ததாலும் அந்தத் தளை இங்குச் சற்றுத் தளர்ந்தது.

இவற்றை நினைக்கும்போது, இன்றைய கடன் அறிக்கையை வெறுத்துப் பேச நம் மனம் ஒப்பவில்லை. பழைய காலத்துக்குத் திரும்புவோம் என்று சொல்லுகிறவர்கள் யாருடைய பழைய காலம் என்பதைச் சொல்லுவதில்லை. அந்த ஏட்டில் சாதிக்கு இடமில்லை. நீ எந்த ஊர், உன் பாட்டன் யார் என்று அது கேட்பதில்லை. கட்டினாயா, கட்டவில்லையா என்று மட்டும் கேட்கின்றது. சேரியிற் பிறந்தவன் ஒழுங்காகக் கட்டினால் அவனுக்கு உயர்ந்த எண். சீமான் வீட்டுப் பிள்ளை கட்டாவிட்டால் அவனுக்குத் தாழ்ந்த எண். சீர்திருத்தம் விரும்பும் நமக்கு இதைவிட வேண்டியது என்ன?

ஆனால் ஏடு வாய்மூடி இருக்கும்போது என்ன நடக்கின்றது? அங்கேதான் ஆபத்து. எழுத்து இல்லாத இடத்தில் வீட்டுக்காரர் கண்ணால் பார்க்கத் தொடங்குகின்றார். கண்ணுக்குத் தெரிவது தோல். பெயரைக் கேட்கின்றார், பெயரில் தெரிவது இனம். வாடகை விளம்பரங்களில் இன்ன இனத்தாருக்கு மட்டும் என்றும், இந்தியர் வேண்டாம் என்றும் அச்சமின்றி எழுதுவதை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மக்கள் கண்டிருக்கின்றனர். எழுதாதவர்கள் தொலைபேசியிற் பெயரைக் கேட்டவுடன் வீடு போய்விட்டது என்கின்றனர். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1968-ஆம் ஆண்டிலேயே வீடு வாடகையில் நிறமும் இனமும் பார்ப்பதைத் தடுத்துச் சட்டம் செய்தார்கள். நம் நாட்டு அரசியல் சாசனத்தின் எட்டாம் விதி சமத்துவத்தைப் பேசுகின்றது. எனினும், வேலையிழந்த விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2005-இல், அவ்விதி அரசுக்கும் குடிமகனுக்கும் நடுவே உள்ளதேயன்றித் தனியார் ஒருவருக்கும் மற்றொருவருக்கும் நடுவே உள்ளதன்று எனத் தீர்ப்பளித்தது.

ஆகவே, பதிவில்லாமல் வருகிற தமிழனுக்கு நேரும் கேடு இருமடங்கு. பதிவிருந்தால் "இந்தியன்தான், ஆனால் எண் நன்றாயிருக்கின்றது" என்றாவது ஒரு வீட்டுக்காரர் இரங்குவார். அந்த ஒரு கேடயமும் கையில் இல்லாதபோது, தன் இனத்தைப் பற்றிப் பிறர் கேள்விப்பட்ட கதைகள் அத்தனைக்கும் அவன் ஒருவன் பொறுப்பாளியாகின்றான். எங்கோ எவனோ ஒருவன் வாடகை கொடாமல் போனதற்கு, கிள்ளானில் பிள்ளைகளோடு நிற்பவன் தண்டம் கட்டுகின்றான். சீன வீட்டுக்காரர் ஒருவரை இன்னொரு சீனர் ஏமாற்றினால், அவர் அந்த மனிதனைத் திட்டுவார். தமிழர் ஏமாற்றினால் தமிழரைத் திட்டுவார். நாமும் பிற இனத்தாரைப் பற்றி இப்படித்தான் பேசுகிறோம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் தோட்டத்துத் தோழர்கள், "நாங்கள் கடல் கடந்தும் போகவில்லை, பாலங் கடந்தும் போகவில்லை, இஃது எங்களுக்கு எதற்கு?" என்று கேட்கலாம். உங்களுக்குத்தான் இது முதலில் வேண்டும். தோட்டத்து வீடு வேலையோடு வந்து வேலையோடு போவது. மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் இருந்த குடும்பத்துக்கும் வாடகை கொடுத்த ரசீது ஒன்றுகூட இராது. தண்ணீர், மின்சாரக் கணக்குப் பெரும்பாலும் தோட்டத்தின் பெயரில். தோட்டம் விற்கப்பட்டு நகரமாகும்போதோ, ஐம்பத்தைந்து அறுபது வயதில் வேலை முடியும்போதோ, பட்டணத்தில் வீடு தேடி வரும் அக்குடும்பம், வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது போலவே நிற்கின்றது. பிறந்த நாட்டில் அதற்குப் பதிவில்லை. அதன் நாணயம் எழுதப்பட்டிருப்பதெல்லாம் தோட்டத்துக் கடைக்காரரின் 555 புத்தகத்தில். அந்தச் சிறு புத்தகத்தைப் பார்த்தால், சம்பள நாளன்று அரிசிக்கும் பருப்புக்கும் பால் டின்னுக்கும் உரிய பாக்கியைக் கோடு போட்டு அடித்த கணக்கு இருபது ஆண்டுக்கு இருக்கும். எந்த வங்கிக்கும் அது தெரியாது. கடை மூடிய அன்றைக்கு அதுவும் குப்பைக்குப் போயிற்று.

ஏட்டில் ஏறாத நாணயம் இருந்ததற்குச் சரித்திரச் சான்று வேண்டுமாயின், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்க்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலம் அது. வங்கியின் படியை மிதித்தறியாத பால்வெட்டுத் தொழிலாளர்கள் மாதந்தோறும் சிறு தவணையாகப் பணங்கட்டிப் பங்கு வாங்கினார்கள். அப்பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களையே வாங்கிற்று. அவர்களில் ஒவ்வொருவரையும் அன்று ஒரு கடன் நிலையம் எடைபோட்டிருந்தால் அத்தனை பேருக்கும் வெற்றுத் தாளே கிடைத்திருக்கும்.

இனி நம் பக்கம் திரும்புவோம். பட்டணத்தில் வீடு வைத்திருக்கும் தமிழர் பலர். தமிழ்நாட்டிலிருந்து உணவகத்திலும் முடிதிருத்தும் நிலையத்திலும் வேலை செய்ய வந்த நம் மொழி பேசும் பிள்ளைகளுக்கு அவர்களிற் பலர் வீடு கொடுப்பதில்லை. நேபாளியென்றும் வங்காளதேசியென்றும் சொன்னால் கதவைச் சாத்துகின்றார்கள். அவர்களுக்குக் கொடுப்பவரோ, ஓர் அறையில் எட்டுப் பேரை அடைத்து எட்டு வாடகை வாங்குகின்றார். இன்னுஞ் சிலர், தமிழ்க் குடும்பமே வந்தாலும், "உங்களுக்கு ஊர்ப்பக்கம் எங்கே?" என்று இனிமையாகக் கேட்கின்றனர். அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி எதுவென்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். இந்தியர் வேண்டாம் என்ற விளம்பரத்தைக் கண்டு கொதிப்பவர், தம் வீட்டு வரவேற்பறையில் அமர்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தக் கொதிப்பை நாம் எந்தக் கணக்கில் எழுதுவது?

நாணயம் மாற்றும் வேலையைச் செய்வது அப்படியொன்றும் கடினமன்று. திரும்பி வருபவர் அங்கே வாடகை செலுத்தியதைக் காட்டும் வங்கிக் கணக்குத் தாளை, இருபத்துநான்கு மாதத்துக்காவது, புறப்படுமுன் எடுத்துக்கொள்ள வேண்டும். வந்தபிறகு அந்தக் கணக்கை மூடிவிட்டால் கிடைப்பது தொல்லை. முன்னைய வீட்டுக்காரரிடம் நாலு வரிக் கடிதம் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்: எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எவ்வளவு வாடகை, பாக்கி உண்டா இல்லையா, முன்பணம் முழுதும் திருப்பப்பட்டதா என்று. முன்பணம் முழுதும் திரும்பியது என்ற ஒரு வாக்கியம் பத்து நற்சான்றிதழுக்குச் சமம். ஏனெனில் எந்த வீட்டுக்காரரும் காரணமின்றிப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. தோட்டத்திலிருந்து வெளியேறுபவருக்கு இத்தனை ஆண்டு இந்த வீட்டில் இருந்தார், ஒழுங்காக ஒப்படைத்தார் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கத் தோட்ட அலுவலகங்கள் முன்வர வேண்டும். ஒரு தாளும் ஒரு முத்திரையுந்தான் செலவு.

வீட்டுக்காரருக்கு அதன் பின்னும் அச்சமிருந்தால், இன்னும் ஒரு மாத முன்பணம் கேட்கட்டும். அறியாமைக்கு அவர் கேட்கக்கூடிய நியாயமான வட்டி அதுவே. ஆனால் அதை ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதி, ஆறு மாதம் வாடகை ஒழுங்காக வந்தபின் அந்த ஒரு மாதத்தை வாடகையிற் கழித்துவிட வேண்டும். ஆறு மாதத்துக்குப் பின் அவர் அறியாதவரல்லரே! ஆறு மாத வாடகை முழுதும் முன்னே கொடு என்று கேட்பது வேறு. பணமுள்ளவனை மட்டும் உள்ளே விடும் வழி அது. அதில் நாணயம் சோதிக்கப்படுவதில்லை. பிறர் ஜாமீன் கேட்பதையும் நாம் விரும்பவில்லை. ஜாமீனுக்கு உறவினர் இருப்பவனுக்கு வீடும், இல்லாதவனுக்கு நடைபாதையும் என்றால் மீண்டும் குலத்தின் வாசலுக்கே போய்ச் சேருகின்றோம்.

முன்னைய வீட்டுக்காரர் தரும் கடிதத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருக்கும். கடிதம் பொய்யாக இருக்குமோ என்று ஐயுறும் தரகர் அந்த எண்ணுக்குப் பேசிப் பார்க்கட்டும். "இவர் உங்கள் வீட்டில் இருந்தாரா? எப்படி இருந்தார்?" என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். பாலத்துக்கு அந்தப் பக்கமும் நமது மணியே ஓடுகின்றது. பகலில், சாப்பாட்டு வேளை கழிந்தபின் கூப்பிட்டால் ஆள் கிடைப்பார்.